ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு: மூளை மின்னலைப் பதிவின் வரலாறும் இளநிலை மாணவர் ஆய்வுப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி, 1924ஆம் ஆண்டு யேனா நகர மருத்துவமனையில் தொடங்கி இன்று மாணவர் ஒருவர் தம் கைப்பையில் வைத்துச் செல்லும் தலைக்கருவியாக மாறியுள்ளது. இக்கட்டுரை அம்மாற்றத்தின் வரலாற்றை, இளநிலைப் பட்ட மாணவர்களுக்கு அறிதல்சார் நரம்பியலைக் கற்பிக்கும் நோக்கிலிருந்து ஆராய்கிறது. கருவி எளிதாகுந்தோறும் பதிவின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் பொறுப்பு கருவியிடமிருந்து பதிவு செய்பவரிடம் இடம்பெயர்ந்துள்ளது என்பதும், ஆகவே மாணவர் பயிற்சியின் மையம் கருவியை இயக்குவதன்று, ஐயுறக் கற்பதே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

குறிச்சொற்கள்: மூளை மின்னலை வரைவு, அறிதல்சார் நரம்பியல், நிகழ்வுசார் மின்னழுத்தம், தலைக்கருவி, இளநிலைக் கல்வி, அறிவியல் வரலாறு.

முன்னுரை

வேதியியல் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே சோதனைக்குழாயைக் கையில் எடுக்கிறார். தாவரவியல் மாணவர் நுண்ணோக்கியின் கீழ் இலையின் குறுக்குவெட்டைக் காண்கிறார். ஆனால், மனித மூளையைப் பற்றிப் படிக்கும் இளநிலை மாணவர் நெடுங்காலம் பாடநூலில் அச்சிட்ட அலைகளை மட்டுமே கண்டுவந்தார். மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி விலை மிகுந்தது. கவசமிட்ட அறையும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் அதற்குத் தேவைப்பட்டனர். ஒருவர் தலையில் பல மின்முனைகளைப் பசையிட்டுப் பொருத்துவதற்கே வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். முப்பது மாணவர் சுற்றி நின்று ஒருவர் தலையைப் பார்ப்பதே செய்முறை வகுப்பாக அமைந்தது.

2009ஆம் ஆண்டுக்குப் பின் விலை குறைந்த, கம்பியில்லாத் தலைக்கருவிகள் சந்தைக்கு வந்தபோது இந்நிலை மாறத் தொடங்கியது. இம்மாற்றத்தைக் கருவியின் வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது எளிது. ஆனால், மூளைப் பதிவின் நூற்றாண்டு வரலாற்றை உற்று நோக்கினால் வேறொரு வினா எழுகிறது: கருவி யார் கைக்கு வருகிறதோ அவர், தாம் பதிவு செய்தது மூளையைத்தான் என்று எவ்வாறு உறுதி செய்கிறார்? இவ்வினா பெர்கருக்கும் இருந்தது. இன்றைய மாணவருக்கும் இருக்கிறது.

யேனாவில் ஐந்து ஆண்டுகள்

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதலில் கண்டவர் லிவர்பூலில் பணியாற்றிய ரிச்சர்ட் கேட்டன் என்னும் மருத்துவர். முயல்கள், குரங்குகள் ஆகியவற்றின் திறந்த மூளைப் பரப்பில் மின்னோட்ட மாறுபாடுகளைக் கண்டு 1875ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். மனிதரிடத்தில் அதைப் பதிவு செய்தவர் செருமனியின் யேனா பல்கலைக்கழக உளநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர்தப்பினார். அதே நாளில் தொலைவிலிருந்த தமக்கை அவர் நலத்தை எண்ணிக் கலங்கித் தந்தி அனுப்பச் செய்தார் என்பதை உள்ளத்தின் ஆற்றல் தொலைவு கடந்து சென்றதற்குச் சான்றாக அவர் கருதினார். அந்த ஆற்றலின் இயற்பியல் அடிப்படையைத் தேடியே மூளை ஆய்வுக்கு வந்தார். தேடிய பொருள் கிடைக்கவில்லை. தேடாத வேறொன்று கிடைத்தது.

1924ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், மண்டையோட்டின் ஒரு பகுதி அறுவையில் அகற்றப்பட்ட 17 அகவை இளைஞர் ஒருவரிடம் அவர் மூளையின் மின் அலைவைக் கண்டார். ஆயினும் அதை வெளியிட்டது 1929ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அவர் செய்த பணியே இக்கட்டுரைக்கு முதன்மையானது. தாம் காணும் அலை இதயத்துடிப்பின் எதிரொலியோ, குருதிநாளத்தின் அதிர்வோ, தலைத்தசையின் மின்னோட்டமோ, கருவியின் குறையோ என்று ஒவ்வொன்றாக அவர் ஐயுற்றார். இதயத்தின் மின்பதிவை உடன்பதிவாக எடுத்து ஒப்பிட்டார். மின்முனையின் பொருளையும் இடத்தையும் மாற்றிப் பார்த்தார். தம் மகனின் தலையிலும் தம் தலையிலும் மீண்டும் மீண்டும் பதிந்தார். அவர் அளந்த மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் இலட்சத்தில் சில பங்கு. கைவிளக்கு மின்கலத்தின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் அதன் நுண்மை விளங்கும்.

கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழும் அலைக்கு ஆல்ஃபா என்றும், அதனினும் விரைந்த சிற்றலைக்குப் பீட்டா என்றும் பெயரிட்டவர் பெர்கரே. 1929 முதல் 1938 வரை ஒரே தலைப்பின்கீழ்ப் பதினான்கு அறிக்கைகளை அவர் வெளியிட்டார். உடலியங்கியல் அறிஞர் நடுவே அவர் புறத்தவராகவே கருதப்பட்டார். முதல் ஐந்து ஆண்டுகள் அவருடைய கண்டுபிடிப்பை ஏற்பார் அரிதாக இருந்தனர்.

கேம்பிரிட்ஜ் செயல்விளக்கம்

பெர்கரின் அலைக்கு அறிவுலகின் ஏற்பைப் பெற்றுத்தந்தது 1934ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நிகழ்ந்த மறுசோதனை. 1932ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஷெரிங்டனுடன் பகிர்ந்துகொண்ட எட்கர் ஏட்ரியனும், பெருக்கிகளை வடிவமைப்பதில் வல்லவரான பிரையன் மாத்யூசும் தொடக்கத்தில் ஐயத்துடனேயே இதனை அணுகினர். சோதனைக்குத் தம் தலைகளையே கொடுத்தனர். ஏட்ரியனின் தலையில் ஆல்ஃபா தெளிவாக எழுந்தது. மாத்யூசின் தலையிலோ அது நன்கு புலப்படவில்லை. கண்ணைத் திறந்தால் அலை அடங்கியது. கண்ணை மூடியபடியே மனக்கணக்குப் போட்டாலும் அடங்கியது. உடலியங்கியல் கழகத்தார் முன்னிலையில் இச்செயல்விளக்கம் நடத்திக் காட்டப்பட்டது.

இச்செயல்விளக்கத்தில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, கண்ணை மூடுவதும் திறப்பதும் என்ற எளிய மாற்றமே அலையின் உண்மைக்குச் சான்றானது. கருவியின் இரைச்சல் கண்ணிமைக்குக் கட்டுப்படாது. இரண்டாவது, ஆய்வாளர் இருவருள் ஒருவரிடம் அலை நலிந்திருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற உண்மையாகவே அதைப் பதிந்தனர். இன்று உலகெங்கும் செய்முறை வகுப்புகளில் முதல் பயிற்சியாக அமைவது இதே சோதனைதான். வகுப்பில் ஓரிரு மாணவர்க்கு ஆல்ஃபா தெளிவாகத் தோன்றாதபோது ‘கருவி பழுது’ என்று கடந்துவிடாமல் மாத்யூசை நினைவூட்டுவது நல்லாசிரியர் கடமை.

கருவி பெருத்ததும் நகர்ந்ததும்

ஏற்புக்குப் பின் கருவி விரைவாக வளர்ந்தது. 1935ஆம் ஆண்டு ஆர்வர்டில் ஃபிரெடெரிக் கிப்சுக்காக ஆல்பர்ட் கிராஸ் மூன்று தடங்கள் கொண்ட பதிவுக்கருவியை உருவாக்கினார். அதே ஆண்டில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், சிறு வலிப்பின்போது நொடிக்கு மூன்று முறை எழும் கூர்முனை அலைவடிவத்தை அறிவித்தனர். மூளை மின்னலை வரைவு, மக்கள் வழக்கில் இ.இ.ஜி., மருத்துவமனையின் கருவியானது இவ்வாறே. 1958ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஜாஸ்பரின் பெயரில் வெளிவந்த பத்து–இருபது முறைமை, மின்முனைகளைத் தலையில் எங்கே பொருத்துவது என்பதற்கு உலகப் பொதுமையை வகுத்தது. இருவேறு நகரங்களின் பதிவுகளை ஒப்பிட அதுவே வழி செய்தது.

கருவியை ஆய்வகத்திற்கு வெளியே கொண்டுசெல்லும் வேட்கையும் உடன் வளர்ந்தது. இவ்வரலாற்றில் இந்தியாவுக்கு ஓரிடம் உண்டு. 1957ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாசு குமார் பாக்சியும் கலிபோர்னியாவின் வெங்கரும் எட்டுத் தடங்கள் கொண்ட எடுத்துச்செல்லத்தக்க பதிவுக்கருவியுடன் இந்தியாவில் பயணம் செய்து யோகப் பயிற்சியாளர்களிடம் பதிவுகள் எடுத்தனர். யோகியரை ஆய்வகத்திற்கு அழைப்பதற்கு மாறாக ஆய்வகம் யோகியரிடம் சென்றது. 1961ஆம் ஆண்டு தில்லியின் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தியான நிலையில் வலிய ஒளியும் ஒலியும் ஆல்ஃபாவைக் குலைக்கவில்லை என்று அறிவித்தது. பதிவு செய்யப்பட்டோர் மிகச் சிலரே என்பதை இன்றைய மாணவர் கருத வேண்டும். எடுத்துச்செல்லத்தக்க கருவி புதிய மாந்தரிடம் கொண்டுசேர்க்கிறது. ஆனால், சிலரிடம் கண்டதைப் பலருக்கும் பொதுவாக்கும் ஆசையையும் அதுவே தூண்டுகிறது.

அக்காலத்தில் ‘எடுத்துச்செல்லத்தக்கது’ என்ற சொல்லின் பொருள் வேறு. நார்மன் ஹோல்ட்டர் 1947ஆம் ஆண்டு முதுகில் சுமந்து காட்டிய இதயப் பதிவுக் கருவியின் எடை 85 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 38 கிலோ. 1970களில் ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களை 24 மணிநேரம் பதியும் சிறு கருவிகள் வந்தபின்னரே வலிப்பு நோயாளி தம் வீட்டில் நடமாடியபடியே பதிவுக்கு உட்படுதல் இயன்றது.

சராசரி என்னும் வழி

அறிதல் தொடர்பான ஆய்வுக்கு ஆல்ஃபா மட்டும் போதாது. ஒரு சொல்லைக் கேட்டவுடன், ஒரு படத்தைக் கண்டவுடன் மூளையில் நிகழ்வது என்ன என்பதே அத்துறையின் வினா. அந்நிகழ்வுக்குரிய மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட் அளவினது. அதைச் சூழ்ந்த பின்னணி அலையோ பல மடங்கு பெரியது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது இது. இலண்டனின் ஜார்ஜ் டாசன் 1947ஆம் ஆண்டு பல பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படத்தில் அடுக்கியும், பின்னர் 1950களின் தொடக்கத்தில் சராசரி காணும் பொறியை அமைத்தும் இதற்கு வழிகண்டார். ஒரே தூண்டலைப் பலமுறை அளித்துச் சராசரி கண்டால், தூண்டலோடு கட்டுண்ட அலை நிலைக்கும். கட்டுறாத பின்னணி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இதன் கணக்கை மாணவர் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பின்னணி இரைச்சல், முயற்சிகளின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தின் அளவில் குறைகிறது. இரைச்சல் 20 மைக்ரோவோல்ட் எனக் கொண்டால், 25 முயற்சிகளில் அது 4 ஆகவும் 100 முயற்சிகளில் 2 ஆகவும் குறையும். தேடும் அலை 5 மைக்ரோவோல்ட் எனில் 25 முயற்சிகளில் அது அரிதாகவே தலைகாட்டும், 100இல் தெளிவாகும். இரைச்சலைப் பாதியாக்க முயற்சிகளை நான்கு மடங்காக்க வேண்டும் என்னும் இவ்விதி, விலை குறைந்த கருவியைக் கையாளும் மாணவருக்கு மிகப் பயனுடையது. கருவியின் தரக்குறைவை ஓரளவு பொறுமையால் ஈடுசெய்யலாம் என்பதே அதன் பொருள்.

1965ஆம் ஆண்டு சாமுவேல் சட்டனும் உடன் ஆய்வாளர்களும், எதிர்பாராத தூண்டலுக்குப் பின் ஏறத்தாழ 300 மில்லிநொடியில் எழும் நேர்மின் அலையை அறிவித்தனர். பி300 என அது வழங்குகிறது. 1980ஆம் ஆண்டு மார்த்தா கூட்டாசும் ஸ்டீவன் ஹில்யார்டும், தொடரின் பொருளோடு பொருந்தாச் சொல்லைப் படிக்கும்போது 400 மில்லிநொடியை ஒட்டி எழும் எதிர்மின் அலையைக் கண்டனர். அது என்400 எனப்படும். இவ்விரண்டும் இன்றைய இளநிலை ஆய்வுத்திட்டங்களின் நிலைத்த அடித்தளங்கள்.

விலை குறைந்த தலைக்கருவிகள்

2009ஆம் ஆண்டின் இறுதியில் எமோட்டிவ் நிறுவனத்தின் எப்பாக் என்னும் தலைக்கருவி விளையாட்டுக் கருவியாகவே சந்தைக்கு வந்தது. 14 மின்முனைகள், பசைக்கு மாறாக உப்புநீரில் நனைத்த பஞ்சு, நொடிக்கு 128 அளவீடுகள், கம்பியில்லா இணைப்பு, ஏறத்தாழ 300 டாலர் விலை என அது அமைந்தது. ஆனால், பதப்படுத்தாத மூலத்தரவு வேண்டுவோர் ஆய்வுப் பதிப்பைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்கள் நிதித்திரட்டலால் தொடங்கிய ஓப்பன்பிசிஐ, சுற்றுவடிவமைப்பையும் மென்பொருளையும் அனைவர்க்கும் திறந்துவைத்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உருவாக்கிய எட்டுத் தடச் சில்லு ஒன்று, முன்பு ஓர் அலமாரியை நிறைத்த பெருக்கியின் பணியைச் செய்தது. 2014ஆம் ஆண்டு டொரண்டோவின் மியூஸ் தியானப் பயிற்சிக்கான நெற்றிப்பட்டையாக வந்தது. நெற்றியில் இரண்டும் காதுகளுக்குப் பின்னே இரண்டுமாக நான்கு மின்முனைகளே அதில் உள்ளன.

இக்கருவிகள் எவையும் மாணவர் ஆய்வுக்கென்று பிறந்தவை அல்ல. விளையாட்டுக்கும் மன அமைதிக்கும் விற்கப்பட்டவற்றை ஆசிரியர்களே ஆய்வுக்குத் திருப்பினர். இதற்குரிய கல்விச்சூழல் முன்னரே உருவாகியிருந்தது. அமெரிக்காவில் இளநிலை நரம்பியல் ஆசிரியர்களின் அமைப்பு 1991ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் கல்வி இதழ் 2002 முதல் வெளிவருகிறது. மிச்சிகனில் பயின்ற கிரெக் கேஜும் டிம் மார்சுல்லோவும் 2009ஆம் ஆண்டு தொடங்கிய பேக்யார்டு பிரெயின்ஸ், கரப்பான்பூச்சியின் காலிலிருந்து நரம்புத்துடிப்பைக் கேட்கச்செய்யும் எளிய பெருக்கியைப் பள்ளிகளுக்கும் கொண்டுசென்றது.

சரிபார்ப்பு ஆய்வுகள்

விளையாட்டுக் கருவியை ஆய்வுக்கு ஏற்கலாமா? 2012ஆம் ஆண்டு ஸ்டெஃபான் டெபெனர் குழுவினர், எப்பாக்கின் மின்னணுப் பகுதியைத் தரமான மின்முனைத் தொப்பியோடு இணைத்து, பங்கேற்பாளர் அறையில் அமர்ந்திருக்கும்போதும் வெளியில் நடக்கும்போதும் பி300 அலையைப் பதிந்தனர். தனித்தனி முயற்சிகளிலிருந்து அவ்வலையை இனங்காணும் துல்லியம் அறைக்குள் 77 விழுக்காடும் வெளியில் நடக்கும்போது 69 விழுக்காடும் ஆகும். 2013ஆம் ஆண்டு ஆத்திரேலியாவின் நிக்கோலஸ் பேட்காக் குழுவினர் எப்பாக்கை ஆய்வகக் கருவியோடு ஒரே நேரத்தில் ஒரே தலையில் பொருத்தி ஒப்பிட்டனர். ஒலிக்குப் பிந்திய பேரலைகள் இரண்டிலும் ஒத்திருந்தன. நுண்ணிய வேறுபாட்டலையில் அத்தகைய உறுதி கிட்டவில்லை. 2017ஆம் ஆண்டு கனடாவின் ஓலாவ் கிரிகல்சன் குழுவினர் மியூஸ் பட்டையாலும் பி300 போன்ற அலைகளைப் பெறலாம் என்று காட்டினர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது கருவி நன்று அல்லது தீது என்னும் ஒற்றைத் தீர்ப்பன்று; எந்த வினாவுக்கு எந்தக் கருவி என்னும் பொருத்தமே. என்400 தலையின் நடுக்கோட்டை ஒட்டிய மையப் பின்பகுதியில் வலுவாகத் தோன்றுவது. எப்பாக்கின் 14 மின்முனைகளுள் நடுக்கோட்டில் ஒன்றும் இல்லை. மியூசில் உச்சந்தலையைத் தொடுவதே இல்லை. ஆகவே, தமிழ்த் தொடரின் இறுதியில் நிற்கும் வினைமுற்று எழுவாயின் திணை பால்களோடு பொருந்தாதபோது வாசிப்பவர் மூளை எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறது என்று ஆராய விரும்பும் மாணவருக்கு, மின்முனைகளைத் தாமே இடம்பார்த்துப் பொருத்தத்தக்க திறந்த வடிவமைப்புக் கருவியே ஏற்றது. வினா முதலில், கருவி பின்னர் என்னும் ஒழுங்கை இவ்வொரு எடுத்துக்காட்டே கற்பிக்கும்.

நேரம் மற்றொரு இடர். நொடிக்கு 128 அளவீடு என்றால் ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 8 மில்லிநொடி. கம்பியில்லா இணைப்பின் தாமதம் முயற்சிக்கு முயற்சி மாறினால், ஒவ்வொரு பதிவும் சற்று இடம்பெயர்ந்து, சராசரியில் அலையின் முகடு மழுங்கிவிடும். திரையின் மூலையில் ஒளியுணரி பொருத்தித் தூண்டலின் உண்மை நேரத்தைப் பதிவது இதற்குரிய எளிய தீர்வு. தாமதம் இருப்பதைக் காட்டிலும் அதை அளக்காதிருப்பதே பிழை என்பதை மாணவர் இதன்வழி உணர்வர்.

ஐயுறக் கற்றல்

1976ஆம் ஆண்டு கனடாவின் ஆமில்ட்டன் நகரில் ஏட்ரியன் அப்டன் என்னும் நரம்பியல் மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு ஜெல்லிக் கட்டியின்மீது மின்முனைகளைப் பொருத்திப் பதிவு எடுத்தார். சூழ்ந்திருந்த கருவிகளின் மின்புலத்தையும் நடமாட்டத்தின் அதிர்வையும் வாங்கிய அப்பதிவு, உயிருள்ள மூளையின் பதிவைப் போலத் தோற்றமளித்தது. பதிவில் அலை இருப்பதாலேயே மூளை இயங்குகிறது என்று முடிவு செய்தல் கூடாது என்று உணர்த்தவே அவர் இதைச் செய்தார். இளநிலை வகுப்பின் முதல் வாரத்தில் இச்சோதனையைத் திரும்பச் செய்வது, மாதக்கணக்கான விரிவுரையினும் ஆழப் பதியும்.

தொடர்ந்து செய்யத்தக்க பயிற்சிகள் சில. கண்ணிமைத்தல், பல்லைக் கடித்தல், புருவம் உயர்த்தல் ஆகியவற்றை வேண்டுமென்றே செய்து அவற்றின் வடிவைக் குறித்துக்கொள்ளலாம். ஓர் இமைப்பு நெற்றி மின்முனையில் 100 மைக்ரோவோல்ட்டையும் தாண்டும். தேடும் அலையோ அதில் இருபதில் ஒரு பங்கு. மின்விசிறியையும் மின்னேற்றியையும் நிறுத்தி இயக்கி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் வருகையைக் காணலாம். பின்னர்க் கண்மூடித் திறக்கும் ஆல்ஃபா சோதனை. அதன்பின் அரிய ஒலியும் பொதுவொலியும் கலந்த பி300 சோதனை. எத்தனை முயற்சிகளை நீக்குவது, எந்தக் கால இடைவெளியில் அலையை அளப்பது என்பவற்றைத் தரவைப் பார்க்கும் முன்னரே எழுதிவைத்தல் இன்றியமையாதது. பார்த்தபின் தேர்ந்தால் விரும்பிய முடிவு எப்போதும் கிடைக்கும்.

இவை அனைத்தும் பெர்கர் ஐந்து ஆண்டுகள் செய்தவற்றின் சுருக்கமே. அன்று கருவியின் அருமையே ஆய்வாளரைப் பொறுமை கொள்ளச் செய்தது. இன்றோ தலைக்கருவியின் செயலி சில நொடிகளில் ‘கவனம்’, ‘அமைதி’ என்று எண் அளித்துவிடுகிறது. அவ்வெண் எந்த மின்முனையிலிருந்து, எந்தக் கணக்கால் வந்தது என்பதைக் கேளாதவர் பதிவு செய்பவர் அல்லர்; நுகர்வோர்.

யாருடைய தலை, யாருடைய தரவு

எளிய கருவிகள் ஆய்வுக்கு உட்படும் மக்களின் வட்டத்தையும் விரித்துள்ளன. 2017ஆம் ஆண்டு வெளிவந்த சுசான் டிக்கர் குழுவினரின் ஆய்வில், நியூயார்க்கின் உயர்நிலைப் பள்ளி மாணவர் 12 பேர் ஒரு பருவத்தில் 11 வகுப்புகளில் எப்பாக் அணிந்து பாடம் கேட்டனர். வகுப்பில் ஈடுபாடு மிகும்போது மாணவர் மூளையலைகளின் ஒத்திசைவும் மிகுவதாக அவ்வாய்வு கூறியது. அதே ஆண்டு தாரா தியாகராஜன் குழுவினர், இந்தியாவின் 48 குடியிருப்புகளைச் சேர்ந்த 402 பேரிடம் எடுத்த பதிவுகளை முன்வெளியீடாக அளித்தனர். மின்சாரமும் ஊர்தியும் எட்டாத ஊர்கள் முதல் பெருநகரம் வரை பரந்த அவ்வாய்வில், நவீன வசதி குறைந்த இடங்களில் ஆல்ஃபா அலைவு மிக நலிந்து காணப்பட்டது. பெர்கர் காலம் முதல் மனிதர் அனைவர்க்கும் பொது எனக் கருதப்பட்ட அலையைப் பற்றியே இத்தகைய வினா எழுவது, பல்கலைக்கழக நகரங்களின் தலைகளையே உலகின் தலைகளாகக் கொண்ட வழக்கத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது.

தலைமுடியும் இவ்வரலாற்றின் பகுதியே. சுருண்டு அடர்ந்த முடியில் வழக்கமான மின்முனைகள் தோலைத் தொடுவதில்லை. அதனால் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் பலர் ஆய்வுகளிலிருந்து விலக்கப்பட்டனர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஆர்னெல் எட்டியன், முடியை வரிசையாகப் பின்னி, பின்னல்களுக்கு இடையில் செருகத்தக்க மின்முனைகளை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கினார்; 2020ஆம் ஆண்டு அவ்வாய்வு வெளிவந்தது. மூத்த ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகக் கண்டும் காணாதிருந்த குறையை ஓர் இளநிலை மாணவர் கண்டது, இம்மட்டத்தில் கருவியைத் தருவதன் பயனுக்கு மிகச்சிறந்த சான்று. நம்மிடையே தேங்காய் எண்ணெய் பூசிய தலையும் தடித்த சடையும் பதிவுக்குத் தடையாவதை எவரும் அறிவர். எண்ணெயற்ற தலையோடு வரச்சொல்லி நோயாளியைத் திருப்பியனுப்புவதும் உண்டு. அத்தடையை நீக்கும் எண்ணம் இங்குள்ள மாணவரிடத்தும் தோன்றலாம்.

தரவின் உரிமை மற்றொரு வினா. சிலி நாடு 2021ஆம் ஆண்டு மூளைச் செயற்பாட்டையும் அதன் தரவையும் காக்கும் திருத்தத்தைத் தன் அரசமைப்பில் சேர்த்தது. 2023ஆம் ஆண்டு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கீடோ கிரார்டி தொடுத்த வழக்கில், அவருடைய மூளைத்தரவை நீக்குமாறு எமோட்டிவ் நிறுவனத்திற்கு ஆணையிட்டது. வகுப்பறையில் இவ்வினா இன்னும் நுட்பமானது. மதிப்பெண் இடும் ஆசிரியர் கேட்கும்போது மாணவர் தம் தலையைத் தர மறுக்க முடியுமா? பதிவு நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறதா, கல்லூரியிலேயே தங்குகிறதா? இயல்புக்கு மாறான அலை தோன்றினால் யார், எவ்வாறு சொல்வது? இவற்றுக்கு எழுத்துவடிவ விடையும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் முதல் மின்முனையையும் பொருத்தலாகாது. நோயறிதல் மருத்துவர் பணி. வகுப்பறைப் பதிவு அதற்கு ஈடாகாது.

முடிவுரை

மூளை மின்னலைப் பதிவின் வரலாறு, கருவி சிறுத்த வரலாறாக மட்டும் அமையவில்லை. பெர்கரின் தனிமையிலிருந்து கேம்பிரிட்ஜின் அவைக்கும், அங்கிருந்து மருத்துவமனைக்கும், பின்னர் வகுப்பறைக்கும் அது வந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் முன்னிலையில் கருவியே தாங்கிய உறுதிப்பாட்டின் ஒரு பகுதி பதிவு செய்பவரின் தோளுக்கு மாறியது. கவசமிட்ட அறை தடுத்த இரைச்சலை இன்று மாணவர் தாமே இனங்காண வேண்டும். தொழில்நுட்பர் சரிபார்த்த மின்முனையைத் தாமே சரிபார்க்க வேண்டும். மருத்துவமனை விதிகள் காத்த தனியுரிமையைத் தாமே எண்ணிக் காக்க வேண்டும்.

இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. செம்மையான கருவி பல பிழைகளை மாணவர் கண்ணில் படாமல் மறைத்துவிடும்; எளிய கருவி அவற்றைக் கண்முன் நிறுத்தும். ஒரு கல்லூரி ஒரே பெருங்கருவிக்குச் செலவிடும் தொகையில் பல தலைக்கருவிகளை வாங்கினால், ஒவ்வொரு மாணவரும் பதிவு செய்பவராகவும் பதிவுக்கு உட்படுபவராகவும் இருக்க இயலும். தம் தலையில் எழுந்த அலையைத் தாமே ஐயுற்று, தாமே சோதித்து, எஞ்சியதை மட்டும் ஏற்கும் மாணவர், 1924க்கும் 1929க்கும் இடையில் யேனாவில் நடந்த பணியைத் தம் அளவில் மீண்டும் செய்தவராவார். அப்பயிற்சியைத் தராத கருவி எத்துணைச் சிறியதாயினும் கல்விக்குச் சுமையே. அதைத் தருமாயின் நான்கு மின்முனைகளும் போதுமானவை.